பெருங்காய டப்பாவில் மயில் கழுத்து

வெள்ளிக் காசு கறுத்துப் போவதில் ஓர் அழகு இருக்கிறது என்று சொல்கிறவர்களை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. என் வயதை ஒத்த நீங்கள் இதைப் படித்துவிட்டு, கிழவிக்கு இன்னும் என்ன வீம்பு என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். ஆனால் எழுதியதை யாருக்காகவும் அடித்து எழுத மாட்டேன்.

போன மாதம் இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். மற்றவர் பெங்களூர்க்காரர், காசு சேர்ப்பவர். பழைய வெள்ளி ரூபாய் இருந்தால் பார்க்கலாமா என்றார்கள். என் மருமகள் விவரம் தெரியாமல் உள்ளே உட்காரவைத்து மோரும் கொடுத்துவிட்டாள். சாமி அறையில் கிடந்த ராணி தலை ரூபாய் ஒன்றை எடுத்து நீட்டினேன். வெள்ளிக்கிழமை தோறும் திருநீறு போட்டுத் தேய்த்து ராணியின் மூக்கே மழுங்கிப்போன காசு. கண்ணாடி மாதிரி இருக்கும்.

பெங்களூர்க்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “க்ளீன் பண்ணிட்டீங்களே பாட்டிம்மா” என்றார், துக்கம் விசாரிக்கிறவர் குரலில். “டோனிங் எல்லாம் போயிடுச்சே.”

டோனிங் என்றால் என்ன என்று கேட்டேன். வெள்ளி வருஷக்கணக்கில் காற்றிலும் பெட்டியிலும் கிடந்து தானாக நிறம் மாறுவதாம். முதலில் சந்தன நிறம், பிறகு செம்பு, பிறகு கத்திரிப்பூ, பிறகு நீலம். அந்த நிறங்களுக்காகத்தான் அவரைப் போன்றவர்கள் ஊர் ஊராக அலைகிறார்களாம். கடைக்காரர் உடனே குறுக்கே விழுந்தார்.

“கலர் கலரா இருக்குறதுல எனக்கு நம்பிக்கை இல்ல சார். ஒரே சீரா சாம்பல் பூத்த மாதிரி இருக்கணும். அதுதான் உண்மையான பழசு.”

“அது செத்த காசு.”

“நீங்க சொல்றது வேஷம் போட்ட காசு. தானா வந்ததா, வரவழைச்சதான்னு பாக்கணும்ல.”

நான் எழுந்து நின்றேன். மோரைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன். குடிக்காவிட்டாலும் கிளம்புங்கள் என்றேன்.

தானா வந்ததா, வரவழைச்சதா. இந்தக் கேள்வி முதன்முதலில் என் காதில் விழுந்தபோது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. என் அக்காவின் கல்யாணம் அந்தக் கேள்வியில்தான் முட்டி நின்றது. எங்களில் அக்காவை ஆச்சி, அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா என்போம். இனி அப்படியே எழுதுகிறேன்.

அப்போது எங்கள் வீடு அமராவதிபுதூரில். அப்பச்சி மலாயாவில் கடை பார்த்துக்கொண்டிருந்தார். வருவதும் போவதும் கப்பல்காரன் கையில். ஆகவே வீட்டில் வைத்ததெல்லாம் பெரியப்பச்சி சட்டம். அப்பச்சிக்கு மூத்தவர். பர்மாவில் இருந்து யுத்தத்துக்கு முன்பே திரும்பியவர். பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு தேக்குப் பெட்டி இருந்தது. அதற்குள் பச்சை வெல்வெட்டுத் துணி, துணிக்குள் வெள்ளிக் காசுகள்.

காலை வெயில் வளவின் நடு முற்றத்தில் இறங்கும் நேரம் அவர் அந்தத் துணியை விரித்துக் காசுகளைப் பரப்புவார். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்ப்பார். சாய்க்கச் சாய்க்க நிறம் ஓடும். நாங்கள் பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது. எங்கள் நிழல்கூடப் போகக்கூடாது. “ஏய், ஒன் நெழல எடுத்துக்கிட்டு அங்குட்டுப் போ” என்பார். நிழலை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நான் குனிந்துகொண்டே ஓடுவேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. அந்த வளவில் எனக்கும் வெயில் பாத்தியம் இருந்தது.

அவருக்குப் போட்டியாக என் அம்மான். ஆத்தாவின் உடன்பிறந்த அண்ணன், தேவகோட்டையில் பெரிய வீடு. அவரும் காசு சேர்ப்பவர்தான். ஆனால் அவருக்குப் பெரியப்பச்சியின் வண்ணம் ஆகாது. மழைக்கு முந்தின வானம் மாதிரி மங்கலாக, பள்ளத்தில் கறுப்பும் மேட்டில் வெளுப்புமாக இருக்கும் காசுகளைத்தான் வைத்திருப்பார். துணியால் ஒற்றக்கூட மாட்டார்.

“மூணு தலைமுறை மூச்சுக்காத்துப் பட்டு வந்த நெறம் மச்சான்” என்பார் அம்மான்.

“மூச்சுக்காத்து இல்ல மாப்ளே, அடுப்புப் புகை” என்பார் பெரியப்பச்சி.

“ஒங்க காசுக கூத்தாடி மாதிரி இருக்கு. ராணிக்குக் கன்னத்துல ரூஜுச் சாயம் பூசுனாப்புல.”

“ஒங்க ராணிக்கு எழவு விழுந்தாப்புல இருக்கே, அதச் சொல்லுங்க.”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். பல் தெரியாத சிரிப்பு. சாப்பிட உட்கார்ந்தால் ஒருவர் இலையை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் மாதம் ஒரு தடவை அம்மான் வராமல் இருக்க மாட்டார். பெரியப்பச்சியும் அவர் வரும் வழியைப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

வீட்டுப் பெண்களுக்கு இந்த இரண்டு கட்சியும் பைத்தியக்காரக் கட்சி. வெள்ளி என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும். “கறுத்த வெள்ளியப் பாத்தா வீட்டுல பொம்பளையே இல்லன்னு நெனப்பாக” என்பாள் ஆத்தா. புளியும் திருநீறும் இருக்க எதற்குக் கறுப்பு? நான் இன்றைக்கும் ஆத்தா கட்சிதான்.

அடுத்து ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலருக்குத் தெரியும், பேரன் பேத்திகளுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் தம்பி பெண்டாட்டி கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். அவர் கூடத்தில் இருப்பார். அவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள். நடுவில் ஒரு பிள்ளை நிற்கும். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான். “சாப்பாடு எடுத்து வைக்கவான்னு கேளு” என்று ஆத்தா என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பாள். “சாப்பாடு எடுத்து வைக்கவா” என்று நான் சொல்வேன். “நாழி ஆகட்டும்னு சொல்லு” என்று பெரியப்பச்சி சொல்வார். மூன்று அடி தூரத்தில் நிற்கும் ஆத்தா அதைக் காதாரக் கேட்டிருப்பாள். இருந்தாலும் நான் திரும்பி, “நாழி ஆகட்டுமாம்” என்று சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு.

என் வாயில் இருந்து வருவது என் பேச்சு என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை. நான் வாசலில் நின்று வாயைத் திறந்தால் அது ஆத்தா பேசுவது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அடுப்படிக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் ஓடு உடைந்து ஒழுகியது. ஆத்தாவும் ஆச்சியும் ஊறுகாய் ஜாடி, வடகப் பானை எல்லாவற்றையும் இடம் மாற்றினார்கள். நான் பித்தளைக் குத்துவிளக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனேன். மேல் தட்டில் இருந்து ஒரு பழைய தகர டப்பா வந்தது. பால் பெருங்காயம் வைக்கிற டப்பா. மூடி துருப்பிடித்து இறுகி இருந்தது. ஆச்சி அம்மிக்குழவியால் விளிம்பில் தட்டித் தட்டித் திறந்தாள்.

நெடி முகத்தில் அறைந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே பெருங்காயம் பிசினாக உருகிக் கிடந்தது. அதன் மேல் ஒரு துணி முடிச்சு. ஆத்தா எங்கள் இருவரையும் பார்த்தாள். சொல்லக்கூடாததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“ஒங்க ஐயா, தேவகோட்டை ஐயா, எங் கல்யாணத்துக்குக் குடுத்த காசு. பெரியவளுக்குன்னு வச்சிருக்கேன். மத்த பொட்டியெல்லாம் அவுக தொறந்து பாப்பாக. அடுப்படிச் சாமான்லதான் அவுக கை படாது.”

ஐயா என்றால் ஆத்தாவைப் பெற்றவர். அவுக என்றால் பெரியப்பச்சி.

முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கைப்பிடி ராணி தலை ரூபாய். ஆத்தா “போச்சே” என்றாள். “வெள்ளியில நோவு விழுந்துருச்சே.” நான் அப்படி ஒரு வெள்ளியைப் பார்த்ததில்லை. ராணியின் கன்னத்தில் மஞ்சள். காதோரம் சிவப்பு. கொண்டையைச் சுற்றிக் கத்திரிப்பூ. விளிம்பைச் சுற்றி வளையம் வளையமாக மயில் கழுத்து நீலம். துணி மடிப்பு பட்ட இடத்தில் மட்டும் ஒரு கோடு வெள்ளையாக நின்றது.

ஆத்தா புளியைக் கரைக்கச் சொன்னாள். ஆச்சி ஒரு காசை எடுத்து முற்றத்து வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். மழைத்தண்ணீர் பிடிக்க வைத்த அண்டா நிறைந்ததா என்று பார்க்க வந்த பெரியப்பச்சி அதைக் கண்டார்.

“தொடாதே” என்றார். அப்படியே நின்றார். அடுப்படி நிலைப்படி வரை அந்த மனிதர் வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆத்தா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் வாசலில் நின்றேன்.

“எங்குட்டு இருந்து வந்துச்சு இது, கேளு.”

“அடுப்படிச் சாமானோட கெடந்துச்சுன்னு சொல்லு” என்று ஆத்தா முணுமுணுத்தாள். சொன்னேன்.

அவர் காதில் அது ஏறவில்லை. காசை வாங்கிச் சாய்த்தார். “நான் பத்திரமா வச்சிக்கிறேன்னு ஒங்காத்தாகிட்டச் சொல்லு.”

சொன்னேன். ஆத்தாவின் கை என் தோளில் விழுந்தது. நகம் பதிந்தது. அப்புறம், “சரின்னு சொல்லு” என்றாள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்து ‘சரி’ மட்டும்தான் வர முடியும் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. ‘மாட்டேன்’ என்று சொல்வதற்கு அந்த ஏற்பாட்டில் வழியே வைக்கவில்லை.

காசுகள் பச்சை வெல்வெட்டுக்குப் போய்விட்டன.

ஆச்சியை அம்மான் மகனுக்குக் கொடுப்பதென்பது அவள் பிறந்த நாளில் இருந்து பேச்சு. உரிமை. அவர் காரைக்குடியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் ‘அயித்தான், அயித்தான்’ என்று அவர் பின்னாலேயே ஓடிய ஆச்சி, அந்த வருஷம் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘அவுக’ என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு வேலை பார்ப்பாள். தேவகோட்டை பஸ் வரும் நேரம் முகப்பில் கோலம் கலைந்துவிட்டதென்று சரிசெய்யப் போவாள். எந்தக் கோலமும் கலைந்திருக்காது. தை பிறந்ததும் கல்யாணம் என்று இரண்டு வீட்டுப் பேச்சு. பிள்ளையார் நோன்பு கழிந்த மறுநாள் நாள் குறிக்க அம்மானும் மகனும் வந்தார்கள்.

நல்ல சாப்பாடு. ஆச்சி செய்த கவுனி அரிசிப் பாயசம். அம்மான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்த பெரியப்பச்சிக்குக் கை சும்மா இருக்கவில்லை. வெல்வெட்டுத் துணியைக் கொண்டுவந்து அம்மான் முன்னால் விரித்தார். பெருங்காய டப்பாக் காசுகள் மட்டும்.

“பாருங்க மாப்ளே. ஒங்க ஆயுசுல கண்டுருக்கீகளா இப்பிடி?”

அம்மான் ஒன்றை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. வெற்றிலைச் சாறு புரைக்கேறியது என்று நினைத்தேன். அது என்ன என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“எங்குட்டுப் புடிச்சீக மச்சான்?”

“புடிக்கிறதாவது? பர்மாவுல, மோல்மேன்ல எம் பொட்டியில கெடந்தது. தானா வந்த நெறம்.”

அம்மான் காசை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “மோல்மேன்ல சாம்பார் வக்கிறாகளா மச்சான்?”

அவர் மகன் சிரித்தார்.

“என்ன சொல்றீக?”

“பெருங்காயம் அடிக்குது. இது தானா வந்ததில்ல. வரவழைச்சது. எதுலயோ ஊறப்போட்டு ஏத்துன நெறம்.”

“நானா?”

“நீங்களோ, ஒங்க வீட்டுல யாரோ.”

வழக்கம்போல நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ஆத்தா வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால். ஆனால் அவள் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்தாவின் காசை எடுத்துக்கொண்டதும் இல்லாமல் மோல்மேன் என்கிறாரே என்று. வாயைத் திறந்தேன்.

“அது எங்க ஆத்தா காசு. பெருங்காய டப்பாவுல வச்சிருந்துச்சு. தேவகோட்டை ஐயா குடுத்தது.”

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, கதவைப் பார்த்தார்கள்.

“கேட்டீகளா” என்றார் அம்மான். “எந் தங்கச்சியே சொல்லிட்டா. எங்க அப்பச்சி குடுத்த காச, பெருங்காயத்துல ஊறப்போட்டு, மோல்மேன் காசுன்னு எனக்கே காட்டுறீக.”

பெரியப்பச்சி அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாரும் ஊறப்போடவில்லை, ஒளித்து வைத்த இடத்தில் வந்த நிறம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவர் பொய் அவர் தலையில் விழும். ஆகவே வேறு சொன்னார்.

“எனக்கு என்ன மாப்ளே தெரியும்? அடுப்படியில பொம்பளைக செஞ்ச வேலை. என்னையும்ல ஏமாத்திட்டாக.”

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பேச்சு கேட்கவில்லை. அவர் முன்னால் ஆத்தா பேசக்கூடாது.

அம்மான் காசைத் துணியில் போட்டுவிட்டு எழுந்தார். “காசுக்கே நெறம் ஏத்துற வீடு. இங்க பொண்ண மட்டும் எதப் பாத்து நம்பி எடுக்குறது?”

ஆச்சி தாம்பூலத் தட்டோடு வளவில் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. அம்மான் மகன் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தன் செருப்பையே பார்த்துக்கொண்டு போனார்.

ஆத்தா கொல்லைப்புறமாக ஓடி வெளிவாசலில் அண்ணனை மறித்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

“அண்ணே, நான் சொல்லலண்ணே. யாரும் ஊறப்போடவும் இல்ல. பிள்ளை தானாச் சொன்னது.”

“பிள்ளை தானாப் பேசுமா?” என்றார் அம்மான். போய்விட்டார்.

தானாகத்தான் பேசினேன். இன்றைக்கும் சொல்கிறேன். சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஒரு பிள்ளை தானாகப் பேசும் என்று அவ்வளவு பெரிய மனிதர்களுக்குத் தோன்றவில்லை என்றால் வருந்த வேண்டியவர்கள் அவர்கள்.

மார்கழி முடியும்வரை ஊர் எங்களைத் தின்றது. ஊருணிக்குத் தண்ணீருக்குப் போனால் பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். “சாம்பார் மணக்குதே, எந்த வீட்டுப் பொண்ணு வருது?” என்பாள் ஒருத்தி. “மோல்மேன் வீட்டுப் பொண்ணு” என்பாள் இன்னொருத்தி. எங்கள் வீட்டுக்குப் பெருங்காய வீடு என்று பெயர் வந்துவிட்டது. ஆச்சி குடத்தை நிரப்பிக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் திரும்பி நடப்பாள். தலையைக் குனிந்தாள் என்று ஒருத்தி சொல்ல முடியாது.

வீட்டுக்குள் அவள் அழுதாளா என்று கேட்பீர்கள். நான் பார்க்கவில்லை. அயித்தானிடம் இருந்து ஒரு சொல் வரும் என்று காத்திருந்தாள். அது எனக்குத் தெரியும். பஸ் வரும் நேரம் அவள் கை வேலையை விட்டுவிடும். அந்தச் சொல் வரவில்லை.

பெரியப்பச்சி என்ன செய்தார் தெரியுமா? அதைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை. பெண்கள் ஏமாற்றிய காசு, போலி நிறம் என்று வாயால் சொன்னவர், தினமும் காலையில் அதே காசுகளை அதே வெயிலில் பரப்பிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு அம்மான் மறுபடியும் வந்தார். மகனும் கூட வந்தார். ஆச்சி முகம் கழுவிக்கொண்டாள். ஆத்தா அடுப்பில் பால் வைத்தாள். எல்லாம் சரியாகப் போகிறது என்று நாங்கள் நினைத்தோம்.

அம்மான் உட்காரவில்லை. “எங்க அப்பச்சி குடுத்த காசத் திருப்பிக் குடுத்துருங்க மச்சான். சம்பந்தம்தான் இல்லேன்னு ஆச்சே.”

கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்ததைப் பிறந்த வீடு திருப்பிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவுக்குப் பின்னால் ஆத்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அது ஒங்க காசுன்னு யார் சொன்னது?” என்றார் பெரியப்பச்சி.

“ஒங்க வீட்டுப் பிள்ளைதான் சொல்லுச்சு.”

“போலி நெறம்னீக. போலி எதுக்கு மாப்ளே ஒங்களுக்கு?”

“நீங்க மட்டும் எதுக்குக் கையில வச்சிருக்கீக?”

துணி நடுவில் விரிந்து கிடந்தது. ஒருவர் ஒரு நுனியையும் மற்றவர் இன்னொரு நுனியையும் பிடித்திருந்தார்கள். குரல் தெருவுக்குப் போனது. கூத்தாடி என்றார் ஒருவர், கரிமூட்டைக்காரன் என்றார் மற்றவர். ஆச்சியின் பெயரை இருவரும் எடுக்கவில்லை. அயித்தான் தூணில் சாய்ந்து நின்று அந்தக் காசுகளைத்தான் பார்த்தார்.

ஆச்சி வந்தாள். குனிந்தாள். இருவர் கைக்கும் நடுவில் இருந்த காசுகளை அள்ளி மடியில் கட்டினாள். யாரும் எதிர்பார்க்காததால் யாரும் தடுக்கவில்லை. முற்றத்தில் கல் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “புளி எடுத்துட்டு வா” என்றாள் என்னிடம். நான் ஓடினேன். அவ்வளவு வேகமாக நான் என் வாழ்நாளில் எந்த வேலையும் செய்ததில்லை.

முதல் காசைப் புளியில் அமுக்கித் திருநீறு போட்டுத் தேய்த்தபோதுதான் அவர்களுக்கு உறைத்தது.

“ஏத்தா, ஏத்தா, வேணாம்த்தா” என்றார் அம்மான். கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஆச்சி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் நின்றுவிட்டார். பெரியப்பச்சி உட்கார்ந்த இடத்தில் இருந்து “விட்டுரு, விட்டுரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவள் விடவில்லை. மயில் கழுத்து போனது. கத்திரிப்பூ போனது. செம்பும் சந்தனமும் பழுப்புத் தண்ணீராகத் தொட்டியில் இருந்து சாக்கடைக்கு ஓடின. ஒவ்வொரு காசாகத் துடைத்துத் தட்டில் வைத்தாள். தும்பைப் பூ மாதிரி வெள்ளை. தட்டைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

“ஐயா குடுத்தப்ப இப்பிடித்தான் இருந்துச்சு. இப்ப சொல்லுங்க அம்மான், தானா வந்ததா, வரவழைச்சதா?”

அம்மான் கையை நீட்டினார். ஒரு காசை எடுத்தார். திருப்பினார். கண் நிறைந்துவிட்டது. “இப்பிடி ஒண்ணு இனி எங்க மச்சான் கெடைக்கும்?” என்றார். அழுகிற குரல். பெரியப்பச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த நீலம் மாப்ளே” என்றார். “அந்த விளிம்பு” என்றார் அம்மான். அன்றைக்கு அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கியது எதற்கென்று எனக்கு அப்போது விளங்கியது. போலி என்று சொன்ன முதல் நொடியில் இருந்தே அவருக்கு அந்தக் காசுகள் மேல் ஆசை.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து துக்கம் கொண்டாடினார்கள். பெற்ற பிள்ளை செத்தாற்போல. வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டு இருந்தவர்கள் அன்றைக்குத்தான் ஒருவர் சொன்னதற்கு ஒருவர் தலையாட்டினார்கள். வைத்திருந்த பாலை இருவரும் குடித்தார்கள். குடித்துவிட்டு, அதே சூட்டில், பெரியப்பச்சி சொன்னார்: “போகட்டும் மாப்ளே. காசு போச்சு, ஒறவாவது நிக்கட்டும். தையிலயே வச்சிருவோம்.”

“வச்சிருவோம்” என்றார் அம்மான். “ஏதோ கோவத்துல ரெண்டு வார்த்தை பேசிட்டேன்.”

ஆச்சி கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். புளித்தண்ணீரில் விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய் இருந்தது. அயித்தான் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு என்ன தோணுது?”

பெரியவர்கள் எதிரில் ஒரு பெண் அப்படிக் கேட்டால் கேவலம் என்றிருந்த காலம். அயித்தான் தன் அப்பச்சி முகத்தைப் பார்த்தார்.

“சரி” என்றாள் ஆச்சி. “அம்மானும் பெரியப்பச்சியும் சண்டை போட்டீக, சமாதானமாயிட்டீக. நல்லது. நான் யாருகிட்டயும் சண்டை போடல. அதனால எனக்குச் சமாதானமும் வேணாம். இந்தக் கல்யாணம் வேணாம்.”

“திமிரு” என்றார் பெரியப்பச்சி. என்னைப் பார்த்தார். “ஒங்காத்தாகிட்டக் கேளு, மக பேசுறது காதுல விழுகுதான்னு.”

நான் திரும்பவில்லை. கதவு திறந்தது. ஆத்தா வெளியே வந்தாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளில் இருந்து அவர் பார்க்கும்படி நிற்காதவள், முக்காட்டைக்கூட இழுத்துக்கொள்ளாமல் நின்றாள்.

“விழுகுது” என்றாள், அவரிடமே. “எம் மக சொன்னதுதான் நான் சொல்றதும்.”

அதற்கப்புறம் எனக்கு அந்த வாசற்படியில் வேலை இல்லாமல் போய்விட்டது.

ஊர் ஆச்சியைப் பற்றிப் பேசியதை எழுதினால் காகிதம் நாறும். நல்ல இடத்தைக் காலால் உதைத்தவள் என்றார்கள். புத்தி பேதலித்தவள் என்றார்கள். வந்த இடமெல்லாம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. அப்பச்சி மலாயாவில் இருந்து வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தானே நேரில் அலைந்து ஓர் இடம் பார்த்தார். சின்னக் குடும்பம். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் மில்லில் கணக்குப் பார்ப்பவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஆச்சியிடம், உங்களுக்குச் சம்மதமா என்று நேராகக் கேட்டார். அவரை இளக்காரமாகப் பேசியவர்களை எனக்குப் பெயர் பெயராக நினைவிருக்கிறது.

கல்யாணத்துக்கு அம்மான் வந்தார். வராமல் முடியாது. தாய்மாமன் செய்ய வேண்டிய முறைகளை வேறொருவர் செய்ய முடியாது. பட்டு வேட்டியும் சந்தனமுமாக வந்து எல்லாவற்றையும் ஒரு குறையில்லாமல் செய்தார். பெரியப்பச்சி அவரை விட்டு நகரவில்லை. இரண்டு பேரும் இணை பிரியாத நண்பர்கள் ஆகியிருந்தார்கள். ஊரெல்லாம் அதைப் பெருமையாகப் பேசியது.

தாலி கட்டி முடிந்து பெரியவர்கள் காலில் விழும் நேரம். ஆச்சியும் மாப்பிள்ளையும் அம்மான் காலில் விழுந்தார்கள். அவர் திருநீறு பூசிவிட்டு, ஆச்சியின் தலையில் இருந்து கையை எடுக்காமல் நின்றார். ஏதோ சொல்லப் போனார். நான் பக்கத்தில்தான் தட்டுப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதடு அசைந்தது.

“எலை போட்டாச்சு அம்மான்” என்றாள் ஆச்சி. “மொதப் பந்தியிலயே ஒக்காந்துருங்க. நீங்க தேவகோட்டைக்குப் போகணும்ல.”

அவர் கையை எடுப்பதற்குள் ஆச்சி அடுத்தவர் காலில் விழத் திரும்பிவிட்டாள்.